கைராசி

கைராசி என்றொரு சொல் நம் நாட்டிலே நெடுங்காலமாக உலவி வருகிறது. மருந்து கொடுப்பவருக்குக் கைராசி. முதல் காசு தந்து வணிகத்தைத் தொடங்கி வைப்பவருக்குக் கைராசி. விதை ஊன்றுகிறவருக்கும் கன்று நடுகிறவருக்கும் கைராசி! கேட்க இனிக்கும் சொல்தான். யாரையும் இழித்துரைக்காத, பாராட்டுக்கென்றே பிறந்த சொல்லைப் போலத்தான் தோன்றும். ஆனால், தோழர்களே, ராசியுள்ள கை என்று ஒன்று உண்டென்றால் ராசியில்லாத கை என்றும் ஒன்று இருந்தாக வேண்டுமே! அந்தக் கை யாருடைய கை? தேடிப் பாருங்கள். கணவனை இழந்தவளின் கையாக இருக்கும். பிள்ளை பெறாதவளின் கையாக இருக்கும். கன்று நடும் வேளையில் அவளைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். அவளும் தள்ளி நிற்பாள். நின்று நின்று அவளுக்கே அது பழகிப் போயிருக்கும்.

எம் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. எம் தாயின் தங்கை; சின்னம்மா என்று யாம் அழைப்பவர். மணமாகி எட்டாண்டுகள் மகப்பேறு வாய்க்கவில்லை. புகுந்த வீடு அவருக்குச் சூட்டிய பட்டம் மலடி. எத்தனை கோயில், எத்தனை நோன்பு, எத்தனை முறை மண்சோறு! மருத்துவரிடமும் ஒருமுறை அழைத்துச் சென்றார்களாம். சோதிக்கப்பட்டவர் சின்னம்மா மட்டுமே. ஆணிடத்தும் குறை இருக்கக்கூடும் என்பதை மருத்துவ நூல் எப்போதோ நிறுவிவிட்டது. நிறுவி என்ன? ஆண்மகனைச் சோதிப்பதா என்று அந்த வீடு சீறியது. பிறகு அவ்வீட்டுக்கு இன்னொருத்தி வந்தாள். சின்னம்மா ஒரு துணிப்பையோடு தம் தமக்கை வீட்டு வாயிலில் வந்து நின்றார். எமக்கு நினைவு தெரியாத பருவத்தில் நடந்தவை இவை.

எங்கள் ஊர் பண்ருட்டியை அடுத்த செம்மண் காட்டில் உள்ளது. பலாவும் முந்திரியும் அந்த மண்ணின் இரண்டு முகங்கள். சின்னம்மாவுக்குக் கிடைத்த வேலை முந்திரி உடைக்கும் கொட்டகையில். வெட்டவெளியில் காயும் கொட்டையைக் கண்டு, அதற்குள் இருப்பதெல்லாம் இனிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பருப்பைச் சூழ்ந்த ஓட்டுக்குள்ளே ஓர் எண்ணெய் உண்டு. தோலில் பட்டால் சுடும், கொப்புளம் எழும், கறை படிந்தால் எளிதில் போகாது. சாம்பலோ விளக்கெண்ணெயோ விரல்களில் பூசிக்கொண்டு நாள் முழுதும் உடைப்பார்கள். ஆண்டுகள் சில சென்றால் விரல் நுனியில் ரேகையே தெரியாது. மணவீட்டுப் பாயசத்தில் வெள்ளை வெளேரென்று மிதக்கிறதே பருப்பு, அது அந்தக் கறுத்த விரல்களைக் கடந்துதான் இலைக்கு வருகிறது. அந்தக் கை உரித்த பருப்பைத் தெய்வத்துக்குப் படைக்கலாம்! அந்தக் கை ஊன்றிய விதைதான் முளைக்கக்கூடாதாம்!

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலைக் கடலூர் மாவட்டத்தார் இன்னும் மறந்திலர். எமக்கு அப்போது பன்னிரண்டு வயது. விடிந்து வெயில் வந்தபோது, எங்களுக்கு உரிய ஐந்து சென்ட் நிலத்தில் மரம் என்று சொல்ல ஒன்றும் நிற்கவில்லை. தாத்தா நட்ட பலா வேரோடு சாய்ந்து கூரையின் ஒரு பக்கத்தை அமுக்கிக் கிடந்தது. முந்திரி இரண்டும் போயின. ஊரெல்லாம் அதே காட்சி. ஆயிரம் குடும்பத்துக்கும் அவ்விரு மரங்களே சோறு. அவ்விரு மரங்களும் ஒரே காலையில் வீழ்ந்தன. ஐம்பது ஆண்டுப் பலாவை ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் காண முடியும் என்று எம் தந்தை சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. அதில் வீடு போக, கிணற்றடி போக, மாட்டுக்கொட்டகை போக எஞ்சுவது ஆயிரத்துக்குச் சற்று மிகுதி. ஏழையின் தோப்பு அவ்வளவுதான். அந்த இடத்தில் எதை நடுவது என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது எம் ஆயா ஒரு சட்டநூலையே விரித்தார். வாயிலில் முருங்கை ஆகாது. வீட்டருகே புளி ஆகாது, பேய் குடியேறும். பலா நட்டவன் அதன் பழத்தைத் தின்னமாட்டான். ஈசானிய மூலையில் எந்த மரமும் ஆகாது. ஆகும் மரத்தையும் ஆகும் நாளில் ஆகும் கைதான் நட வேண்டும்! அப்படியே நடந்தது. தந்தை பலாக்கன்று ஒன்றை நட்டார். சின்னம்மா கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயாவின் சட்டங்கள் எல்லாமே வெறும் பிதற்றல் என்று யாம் சொல்லமாட்டோம். முருங்கைக்கிளை காற்றில் முறியும். அதில் மயிர்ப்பூச்சி அடையும். வாயிலுக்கு அது ஏற்றதன்று. அடர்ந்த புளியின் கீழே மற்றப் பயிர் எழுவது அரிது. முன்னோர் கண்டறிந்த உண்மைகள் சில பேய் வேடம் பூண்டு உலவுகின்றன. வேடத்தைக் கழற்றி உண்மையை மட்டும் எடுத்துக்கொள்வதில் நமக்கு வெட்கம் என்ன? ஆனால், பிள்ளை பெறாதவள் கை பட்டால் மரம் காய்க்காது என்பதன் வேடத்தைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லை. கொடுமை ஒன்றுதான் இருக்கிறது.

அந்த வளாகத்தில் யாரும் நடாத மரம் ஒன்று முளைத்தது. சின்னம்மா தின்று துப்பிய சீத்தா விதை, பாத்திரம் கழுவும் நீரில் முளைத்துக் கொல்லையோரத்தில் எழுந்தது. நட்டவர் இல்லையாதலால் நாளும் கோளும் பார்க்க வழியில்லாமல் போயிற்று! அதற்கு அவர் நீர் ஊற்றினார். நாலாம் ஆண்டு அது பூத்தது. கிளை கிளையாகத் தொங்கும் பச்சைநிறப் பூக்கள். ஆனால் காய் மூன்றோ நான்கோ. அவையும் ஒருபுறம் வீங்கி மறுபுறம் சூம்பிய காய்கள். அடுத்த ஆண்டும் அப்படியே. ஆயா சொன்னார்: 'யார் தண்ணி ஊத்தறா பாரு, அதான்.' அன்று மாலையிலிருந்து சின்னம்மா அந்த மரத்தின் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

இங்கே ஒரு சிறு விலகல். இந்த மரத்துக்குச் சீதா என்று பெயர். இதன் உறவுமரம் ஒன்றுக்கு ராம சீதா. வடநாட்டில் முள் சீத்தாவுக்கு இலக்குவன் பெயரையும் அனுமன் பெயரையும்கூடச் சூட்டியிருக்கிறார்கள். வனவாசத்தில் சீதை உண்ட பழம் என்று கதை வேறு. தாவர நூலாரைக் கேட்டால் இவற்றின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநாடுகள் என்கிறார்கள். போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகே இவை நம் நாட்டில் பரவின என்பது பொதுவான கருத்து. முந்திரியும் அவ்வாறே பிரேசிலிலிருந்து கடல் கடந்து வந்தது. கொய்யா, பப்பாளி, சப்போட்டா எல்லாம் அமெரிக்க மண்ணின் மக்கள் வளர்த்துத் தந்தவை. காட்டுக்குள் பதினான்கு ஆண்டு தேடினாலும் அந்தச் சீதைக்கு இந்தச் சீதா கிடைத்திருக்காது!

கல்லூரியில் யாம் பயின்றது வரலாறு. விடுதியில் அடுத்த அறைத் தோழர் தாவரவியல் மாணவர். ஒருநாள் அவர் சீத்தாப்பூ ஒன்றைப் பிளந்து எமக்குக் காட்டினார். அந்த அரைமணி நேரம் எம் வீட்டின் பத்தாண்டுத் துயரத்தைத் திறந்து காட்டியது என்றால் மிகையன்று.

சீத்தாப்பூ ஒவ்வொன்றிலும் ஆண்பாகமும் உண்டு, பெண்பாகமும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் விழிப்பதில்லை. முதலில் பெண்பாகம் பக்குவமடையும். அப்போது இதழ்கள் நுனியில் சற்றே பிரிந்திருக்கும், மகரந்தம் வெளிவந்திராது. பின்னர் இதழ்கள் நன்றாக விரிந்து மகரந்தம் உதிரும். அதற்குள் அந்தப் பூவின் பெண்பாகம் ஏற்கும் ஆற்றலை இழந்திருக்கும். ஆகவே ஒரு பூவின் மகரந்தம் அதே பூவுக்குப் பயன்படாது. மற்றொரு பூவுக்குச் சென்றாக வேண்டும். கொண்டு செல்வது யார்? தேனீ இந்தப் பூவை நாடுவதில்லை. மிகச் சிறிய வண்டினம் ஒன்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. அந்த வண்டு குறைந்த இடத்திலே, வறண்ட வெயில் காயும் நாளிலே, பூ பூவாகவே உதிரும். அந்தக் கோணல் காய்க்கும் விடை கிடைத்தது. சீத்தாப்பழத்தின் மேலே காணும் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகம். மகரந்தம் பெற்ற கண்கள் பருக்கும், பெறாதவை சூம்பும். ஆயா கண்ட கண்ணேறு அதுதான்!

விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது பள்ளிப் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் தூரிகை ஒன்றைக் கொண்டுவந்தோம். சின்னம்மாவை மரத்தடிக்கு அழைத்தோம். 'வேணாம் தம்பி, ஆயா ஏசும்' என்றார். ஆயா வெளியூர் சென்றிருந்த கிழமை அது. மாலையில், விரிந்து மகரந்தம் கொட்டும் நிலையிலிருந்த பூக்களைப் பறித்து ஒரு தாளின்மேல் வைத்தோம். மறுநாள் காலை வெயில் ஏறுமுன், இதழ் சற்றே பிரிந்த பூக்களைத் தேடி, அந்தத் தூளைத் தூரிகையால் தொட்டு உள்ளே மெல்லச் சுழற்ற வேண்டும். எம் விரல் தடித்தது, இதழ் கிழிந்தது. சின்னம்மா தூரிகையை வாங்கிக்கொண்டார். பருப்பு பிளவுபடாமல் ஓட்டைப் பிரித்துப் பிரித்துப் பழகிய விரல்கள் அல்லவா? ஓர் இதழுக்கும் ஊறு நேரவில்லை.

ஆய்வென்றால் முறையாக இருக்க வேண்டும் என்று நாற்பது பூக்களுக்கு நூல் கட்டினோம். நூலுக்கு எங்கே போவது? மரம் காய்க்கட்டும் என்று ஆயா வாங்கி வந்து அடிமரத்தில் சுற்றியிருந்த மந்திரித்த சிவப்புக் கயிறு இருந்தது. அதைப் பிரித்து நாற்பது துண்டாக்கினோம். அதனால் உண்டான முதற்பயன் அதுவாகத்தான் இருக்கும்! தூரிகை படாத பூக்கள் நாற்பதையும் வேறொரு கிளையில் வெள்ளை நூலால் குறித்தோம். வெள்ளை நூலில் தங்கியவை மூன்று. சிவப்பு நூலில் தங்கியவை இருபத்தேழு. அவை உருண்டு திரண்டு, கோணல் இன்றி வளர்ந்தன.

திருவோத்தூரிலே ஆண்பனையைப் பதிகம் பாடிப் பெண்பனை ஆக்கிய கதையைப் பள்ளிப் பருவத்தில் கேட்டிருக்கிறோம். எங்களிடம் பதிகம் இல்லை. பத்து ரூபாய்த் தூரிகைதான் இருந்தது.

பிறகு நடந்ததுதான் எம்மை மிகுதியும் சிந்திக்க வைத்தது. ஆயா மரத்தைப் பார்த்தார். சாமி கண் திறந்தது என்றார். அது எதிர்பார்த்ததே. தெருவார் வந்தனர், பழம் தின்றனர், தின்றுவிட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? 'படிச்ச புள்ள, தம்பிக்குக் கைராசி!' அடடா! தூரிகை பிடித்தவர் பக்கத்திலே நிற்கிறார். ராசி எம் கைக்கு ஓடி வந்துவிட்டது! மூடநம்பிக்கையை ஒரு கதவு வழியே விரட்டினால் மறுகதவில் மாலையோடு நுழைகிறது. அந்த மாலையை யாம் ஏற்கவில்லை. யார் செய்தார், எவ்வாறு செய்தார் என்று வந்தவரிடமெல்லாம் சொன்னோம். பூவைப் பிளந்து காட்டியும் சொன்னோம். பழக்கடைக்காரர் ஒருவர் மட்டும் இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். ஏனையோர் தலையசைத்ததோடு சரி.

அதன் பின்னர் எங்கள் கொல்லையில் புதிய மரங்கள் வரத் தொடங்கின. ஆயிரம் சதுர அடியில் இரண்டு பலாவை வைத்தால் வேறொன்றுக்கும் வெளிச்சம் இருக்காது. சிறு நிலத்தார்க்கு வேண்டியது வெட்டி வெட்டித் தலைக்குமேல் ஓங்காமல் வைத்துக்கொள்ளத்தக்க பல மரங்கள். ஒன்று காய்க்காத திங்களில் மற்றொன்று காய்க்க வேண்டும். ஒரு புயலுக்கு எல்லாமும் விழக்கூடாது. சீத்தாவை அடுத்து ராம் சீத்தா வந்தது. அதை அடிமரமாகக் கொண்டு நல்ல சீத்தாக் கிளையை ஒட்டவும் கற்றோம். விருத்தாசலத்து முந்திரி ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்று ஒன்று வந்தது. இளங்கன்றின் தலையைக் கொய்து, தண்டைப் பிளந்து, விளைச்சல் மரத்தின் குருத்தை ஆப்புப்போல் சீவிச் செருகி, நெகிழித்தாளால் இறுகக் கட்டி, மேலே ஒரு பையைக் கவிழ்த்து வைக்கும் இளந்தண்டு ஒட்டுமுறை அது. மூன்றாம் ஆண்டே காய்த்தது.

சப்போட்டாவின் கதையை எம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. மெக்சிகோ நாட்டுப் பக்கத்து மரம் அது. நம் கீழைக்கடற்கரைக் காடுகளில் தொன்றுதொட்டு நிற்கும் உலக்கைப் பாலையின் வேர்மீது அதை ஒட்டுகிறார்கள். பாலையின் வேர் வறட்சியைத் தாங்கும். சப்போட்டாவின் கிளை பழத்தைத் தரும். இரண்டும் ஒரே குடும்பத்தின் வெவ்வேறு கிளைகள். வெளியார் சேர்ந்தால் குலம் கெடும் என்று சொல்லும் ஊரில், தெருவுக்குத் தெரு சுவைத்துத் தின்னும் பழம் இப்படித்தான் வருகிறது!

நெல்லிமரம் ஒன்று தனியே நின்றால் பல வேளைகளில் பூத்துப் பூத்து ஓயும். நெல்லியின் பல வகைகள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. அருகில் வேறொரு வகை வேண்டும். அடுத்த வீட்டாருக்கு யாமே ஒரு கன்று வாங்கிக் கொடுத்து வேலியோரத்தில் நடச் செய்தோம். இப்போது இரு வீட்டு மரமும் காய்க்கிறது. வேலித் தகராறில் பேச்சற்றுப் போயிருந்த இரு குடும்பமும் பேசத் தொடங்கியது உபரி வருவாய். நட்சத்திரப்பழ மரத்திலும் இதைப் போன்ற செய்தி உண்டு. சில மரத்தின் பூவில் சூல்தண்டு நீண்டிருக்கும். சில மரத்தில் குறுகியிருக்கும். நெடியதும் குறியதும் அருகருகே நின்றால்தான் பலவகைகள் நிறையக் காய்க்கும். பலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மரம் முழுவதும் பிஞ்சு உதிர்கிறதே, யார் கண் பட்டதோ என்று ஆண்டுதோறும் அழுகுரல் கேட்கும். உதிர்பவற்றுள் பெரும்பாலானவை பிஞ்சே அல்ல, ஆண்பூங்கொத்துகள். மகரந்தத்தை உதிர்த்த பின் கறுத்து விழுவது அவற்றின் இயல்பு. ஆண்பூ விழுந்ததற்கு எந்தப் பெண்ணின் கண்ணையோ குற்றம் சாட்டுகிறது ஊர்!

சந்தையில் கன்று விற்போர் சிலரைப் பற்றியும் ஒரு சொல். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், சாதிக்காய் எல்லாம் எந்த ஊரிலும் காய்க்கும் என்று படத்தைக் காட்டி விற்கிறார்கள். 1871இல் தொடங்கிய பர்லியாற்றுப் பண்ணையிலும், 1900இல் தொடங்கிய கல்லாற்றுப் பண்ணையிலும் அந்த மரங்கள் செழிக்கின்றன என்றால், அங்கே நீலமலையின் சரிவும் ஈரமும் நிழலும் உள்ளன. எங்கள் சித்திரை வெயிலில் அவை கருகும். சாதிக்காய் மரத்திலோ ஆண் வேறு, பெண் வேறு. விதைக்கன்றை வாங்கினால் எது எது என்று அறியவே ஆண்டுகள் பல ஆகும். எதை நட்டாலும் வரும் என்பதும், எதை நட்டாலும் வராது என்பதைப் போன்ற மூடநம்பிக்கைதான். ஐந்து சென்ட்காரன் ஒரு கன்றில் ஏமாந்தால் ஐந்தாண்டை இழக்கிறான்.

ஆனாலும் ஒரே ஒரு மரத்துக்காக யாம் எம் அறிவுரையை நாமே சற்று நெகிழ்த்தினோம். அது ஈரப்பலா. கறிப்பலா என்றும், சீமைப்பலா என்றும் சொல்வார்கள். குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு காணலாம். ஈரத்தை விரும்பும் மரம். எங்கள் நிலத்தில் ஆண்டு முழுதும் ஈரம் காயாத ஓர் இடம் உண்டு. குளியலறை நீரும் அடுக்களை நீரும் சென்று சேரும் வடகிழக்கு மூலை. ஆம், ஆயாவின் ஈசானிய மூலையேதான்! 2021ஆம் ஆண்டு அங்கே ஒரு கன்று நடுவதென முடிவு செய்தோம். மூலைக்கு ஆகாத மரம். மரத்துக்கு ஆகாத கை. இரண்டையும் ஒன்றாகவே பார்த்துவிடலாம் என்று சின்னம்மாவிடம் மண்வெட்டியைக் கொடுத்தோம். ஆயா திண்ணையில் அமர்ந்து முணுமுணுத்தார். ஆனால் எழுந்து வந்து தடுக்கவில்லை.

கன்று நட்டு முடித்துக் கைகழுவும்போது சின்னம்மா கேட்டார்: 'இதுக்கும் தூரிகை வைக்கணுமா தம்பி?'

வேண்டியதில்லை என்றோம். நாம் வளர்க்கும் ஈரப்பலாவுக்கு விதை இல்லை. அதன் காய் மகரந்தத்தை எதிர்பார்ப்பதும் இல்லை, தானே பருக்கும். விதையில்லாத இந்த மரத்தைப் பசிபிக் தீவுகளின் மக்கள் வேர்க்குருத்தாகவும் பதியனாகவும் படகில் ஏற்றித் தீவு தீவாகக் கொண்டு சென்று அதை உணவாக உண்டு வாழ்ந்தார்கள். ஆங்கிலேயர் அதைக் கண்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்த ஆப்பிரிக்க மக்களுக்கு மலிவான சோறாகும் என்று கணக்கிட்டு, தாகித்தித் தீவிலிருந்து கன்றுகளைக் கப்பலில் ஏற்றினார்கள். பவுண்டி என்னும் அக்கப்பலில் 1789இல் மாலுமிகள் கலகம் செய்தனர். கன்றுகளைக் கடலில் எறிந்தனர். அதன் தலைவர் பிளை மீண்டும் ஒருமுறை சென்று 1793இல் கொண்டுசேர்த்தார். அடிமைப்படுத்தியவன் கணக்குப் போட்டுக் கொண்டுவந்த மரம். விடுதலை பெற்ற மக்களின் அடுக்களையில் இன்று அவர்களுக்கே உரிய உணவாக இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தபோது சின்னம்மா இடைமறித்தார். 'வெதையே இல்லையா இதுக்கு?' என்று மீண்டும் கேட்டார். இல்லை என்றோம். 'அப்ப இதையும் மலடுன்னுதான் சொல்லுவாங்க' என்றார். யாம் பேசவில்லை. அவர் மண்ணைக் காலால் மிதித்து அணைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

இன்று அந்த மரம் கூரையைத் தாண்டிவிட்டது. சென்ற ஆண்டு நான்கு காய். இவ்வாண்டு இருபதுக்கு மேல். வறுத்தும் குழம்பிலிட்டும் உண்கிறோம். ஆயா முதல் ஆண்டு தொடவில்லை. இவ்வாண்டு வறுவலைக் கேட்டு வாங்கித் தின்றார். கொட்டகை வேலையைச் சின்னம்மா இன்னும் விடவில்லை. மரங்கள் தரும் காசு அந்தக் கூலிக்கு ஈடாகவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கையுறை இல்லாமல்தான் இன்றும் அங்கே உடைக்கிறார்கள். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

ஆனியில் சீத்தா பூக்கும் நாட்களில் ஞாயிறு காலை அவரைத் தேடித் தெருப்பெண்கள் வருகிறார்கள். தூரிகையைச் சேலையில் செருகிக்கொண்டு நான்கைந்து வீடுகளுக்குப் போய் வருகிறார். தெருக்கோடியில் இருக்கும், கணவனை இழந்த இளம்பெண் ஒருத்தியைத் துணைக்கு அழைத்துச் செல்கிறார். மாலையில் மகரந்தம் திரட்டுவது அவள் வேலை. அவள் வீட்டுக்கும் ஓர் ஈரப்பலாக் கன்று வேண்டுமாம். விதை இல்லையே, எப்படித் தருவது? மேல்மண்ணை விலக்கி, விரல் பருமனுள்ள வேர் ஒன்றைச் சற்றே கீறிவிட்டு மூடினால் சில திங்களில் அந்த இடத்திலிருந்து குருத்து கிளம்பும். சின்னம்மா ஆவணியில் ஒரு வேரைக் கீறினார். இப்போது ஒரு சாண் உயரத்தில் இரண்டு இலைகளோடு நிற்கிறது. மாடு மிதித்துவிடாமல் இருக்க அதைச் சுற்றி நான்கு முந்திரிக் குச்சிகளை ஊன்றி வைத்திருக்கிறார்.